வளர்ந்தவர்களுக்கு இடுப்புக் கிண்ணக் குறைபாடு: கணினி உதவியுடன் செய்யும் திருத்த அறுவைக்கு முழுமையான வழிகாட்டி

இடுப்பு மூட்டு ஒரு பந்துக் கிண்ண மூட்டு. தொடை எலும்பின் உருண்டையான தலை பந்து. அதைத் தாங்கும் இடுப்பெலும்புக் குழி கிண்ணம். சிலருக்கு இந்தக் கிண்ணம் ஆழம் குறைந்தும் வெளிப்பக்கம் சரிந்தும் வளர்ந்துவிடும். இதைத்தான் மருத்துவர்கள் ஹிப் டிஸ்பிளேசியா என்கிறார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் பட்டை கட்டியே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். கண்ணில் படாமல் போனால் இருபது, முப்பது வயதில் வலியாகத்தான் வெளியே வரும். அப்போது எலும்பு வளர்ந்து முடிந்திருக்கும். அதை வெட்டித் திருப்பித்தான் சரிசெய்ய முடியும்.

அந்தத் திருப்பும் வேலையில் கணினி எங்கே உதவுகிறது, எங்கே உதவாது, நோயாளி எந்தக் கட்டத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம். அறுவை வேண்டும் என்று சொல்லப்பட்டு, கையில் எக்ஸ்ரே உறையோடு குழம்பி நிற்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: வலியைச் சரியாக அடையாளம் காணுதல்

இந்த வலி பெரும்பாலும் தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் தொடங்கும். நெடுநேரம் நின்றாலோ நடந்தாலோ கூடும். இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் மூட்டை இழுத்துப் பிடித்தே களைத்துப் போவதால் மாலை நேரத்தில் லேசாகச் சாய்ந்து நடப்பவர்கள் உண்டு. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்து வளையம் கிழிந்திருந்தால் 'டக்' என்ற சத்தமோ, மூட்டு சிக்கிக்கொள்வது போன்ற உணர்வோ இருக்கும். தசைப்பிடிப்பு, முதுகுவலி என்று பல ஆண்டுகள் வேறு சிகிச்சையில் கழித்தவர்கள் ஏராளம். பெண்களுக்கும், தாயின் வயிற்றில் தலை மேலாக இருந்து பிறந்தவர்களுக்கும், குடும்பத்தில் ஏற்கெனவே இந்தக் குறை உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. இவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வலிக்குக் காரணம் எளிமையானது. கிண்ணம் பந்தைப் பாதி மட்டுமே மூடினால், முழுப் பரப்பில் பரவ வேண்டிய உடல் எடை விளிம்பிலுள்ள சிறிய பகுதியில் குவிகிறது. அங்கே குருத்தெலும்பு தேய்கிறது. தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளராது. அதனால்தான் இந்த அறுவையில் காலம் இவ்வளவு முக்கியமாகிறது.

படி 2: நீங்கள் இதற்கு ஏற்றவரா?

பெரியாசிடாபுலர் ஆஸ்டியாட்டமி, சுருக்கமாகப் பிஏஓ, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1984-இல் ரைன்ஹோல்ட் கான்ஸ் தலைமையில் உருவானது. 1988-இல் மருத்துவ இதழில் வெளியானது. கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டி, கிண்ணத்தை முழுதாக விடுவித்து, பந்தை நன்றாக மூடும்படி திருப்பித் திருகாணிகளால் நிறுத்துவார்கள். உங்கள் சொந்த மூட்டு, சொந்தக் குருத்தெலும்பு அப்படியே இருக்கும்.

அந்தக் குருத்தெலும்பில் இன்னும் உயிர் இருந்தால்தான் இதற்குப் பொருள் உண்டு. எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி நன்றாகத் தெரிய வேண்டும். மூட்டு ஓரளவு நன்றாக மடங்க வேண்டும். தேய்மானத்தை டோனிஸ் அளவுகோலில் 0 முதல் 3 வரை வகைப்படுத்துகிறார்கள். 0 அல்லது 1 என்றால் பிஏஓ பற்றிப் பேசலாம். 2, 3 என்றால் பெரும்பாலும் மாற்று மூட்டுதான் நேர்மையான பதில். வயது 40-ஐத் தாண்டினால் பலன் குறையத் தொடங்குகிறது, ஆனால் வயதைவிடக் குருத்தெலும்பின் நிலைதான் பெரிது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கிழிந்த குருத்து வளையத்தை மட்டும் நுண்துளை அறுவையில் தைத்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால், கிண்ணத்தின் கோணம் எவ்வளவு என்று கேளுங்கள். பந்தின் மேல் கூரை போல நிற்கும் கிண்ணத்தின் மேற்பகுதி போதாத மூட்டில் வளையத்தை மட்டும் சரிசெய்தால், கிழியவைத்த காரணம் அப்படியே இருக்கிறது. சில நேரம் மூட்டு இன்னும் தளர்ந்தும் போகும்.

படி 3: படங்களும் அளவுகளும்

நின்றபடி எடுக்கும் இடுப்பு எக்ஸ்ரேதான் தொடக்கம். அதில் இரண்டு எண்களை நோயாளியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலாவது, ஸ்வீடனின் குன்னர் வீபர்க் 1939-இல் விவரித்த மைய விளிம்புக் கோணம். பந்தின் மையத்திலிருந்து நேர் மேலாக ஒரு கோடு, அதே மையத்திலிருந்து கிண்ணத்தின் வெளி விளிம்புக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம் இது. 25 டிகிரிக்கு மேல் இயல்பு. 20-க்குக் கீழ் டிஸ்பிளேசியா. இடைப்பட்டது எல்லைக்கோடு. அங்கேதான் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு அதிகம். இரண்டாவது, எடை தாங்கும் கூரையின் சரிவு. இது 0 முதல் 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பந்து வெளியே வழுக்கப் பார்க்கிறது என்று பொருள்.

எம்ஆர்ஐ குருத்தெலும்பையும் வளையத்தையும் காட்டும். கணினித் திட்டத்துக்கு அடிப்படை சிடி ஸ்கேன். மெல்லிய அடுக்குகளாக இடுப்பு முழுவதையும் எடுத்து, கூடவே முழங்கால் மட்டத்திலும் சில அடுக்குகள் எடுப்பார்கள். இடுப்புக்கு வந்தவருக்கு முழங்காலில் ஏன் ஸ்கேன் என்று குழம்ப வேண்டாம். தொடை எலும்பு தன் நீளவாக்கில் எவ்வளவு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பதை முழங்காலோடு ஒப்பிட்டுத்தான் அளக்க முடியும். முறுக்கு மிகையாக இருந்தால் கிண்ணத்தை மட்டும் திருப்பிப் பயனில்லை. தொடை எலும்பையும் திருத்த வேண்டி வரலாம்.

சிடியில் கதிர்வீச்சு உண்டு. இதற்கு வருபவர்களில் இளம் பெண்கள் அதிகம் என்பதால், குறைந்த அளவு முறையில் எடுக்க முடியுமா என்று கேட்பதில் தவறே இல்லை. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் கட்டாயம் முன்பே சொல்லுங்கள்.

படி 4: கணினியில் திட்டமிடுதல்

என் பார்வையில் அறுவையின் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது.

சிடி அடுக்குகளிலிருந்து மென்பொருள் இடுப்பெலும்பையும் தொடை எலும்பையும் தனித்தனி முப்பரிமாண உருவங்களாகப் பிரிக்கிறது. மூட்டு ஒடுங்கிய இடங்களில் பந்தும் கிண்ணமும் ஒட்டியது போலத் தெரியும். அங்கே ஒருவர் உட்கார்ந்து கையால் எல்லையைத் திருத்த வேண்டும். பிறகு இடுப்புக்கு ஓர் அடிப்படைத் தளம் வரையறுக்கப்படும். முன்பக்கம் தொட்டால் தட்டுப்படும் இரண்டு இடுப்பு முனைகளும் கீழே பூப்பெலும்பின் (இடுப்பின் முன்பக்கக் கீழ் எலும்பு) முடிச்சுகளும் சேர்ந்து அந்தத் தளம் அமைகிறது. இனி எல்லாக் கோணங்களும் இதை வைத்தே அளக்கப்படும்.

ஒரு சிக்கல் இங்கே உண்டு. சிடி எடுக்கும்போது நீங்கள் படுத்திருக்கிறீர்கள். வலி வருவது நிற்கும்போது. படுத்தால் இடுப்பு ஒரு சாய்வில் இருக்கும், நின்றால் வேறொன்றில். அந்த வித்தியாசத்தைச் சேர்க்காமல் போட்ட திட்டம் கணினியில் அழகாக இருக்கும், நிற்கும் உடம்பில் பிசகும். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயின் சாய்வைத் திட்டத்தில் கணக்கில் எடுத்தீர்களா என்பது நீங்கள் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்விகளில் ஒன்று.

அடுத்து, குறை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். எல்லா டிஸ்பிளேசியாவும் ஒரே மாதிரி இல்லை. பலருக்கு முன்பக்கமும் வெளிப்பக்கமும் மூடல் போதாது. சிலருக்குப் பின்பக்கம் போதாது. 2003-இல் பெர்ன் குழு வெளியிட்ட ஆய்வில், டிஸ்பிளேசியா உள்ள இடுப்புகளில் ஆறில் ஒன்றில் கிண்ணம் பின்னோக்கித் திரும்பியிருந்தது. அப்படிப்பட்டவருக்கு வழக்கம்போல முன்பக்கமாகத் திருப்பினால் கோணம் எக்ஸ்ரேயில் திருந்தியதாகத் தெரியும், ஆனால் காலை மடக்கும்போது தொடை எலும்பின் கழுத்து கிண்ண விளிம்பில் இடிக்கும். தட்டையான எக்ஸ்ரேயில் நழுவிப்போகும் இந்த வேறுபாடு முப்பரிமாண உருவத்தில் தெளிவாகத் தெரிகிறது. கணினியின் முதல் பெரிய பயன் இதுதான்.

பின்னர் மருத்துவர் திரையில் வெட்டுக் கோடுகளைப் போட்டு, கிண்ணத் துண்டை டிகிரி டிகிரியாகத் திருப்பிப் பார்ப்பார். ஒவ்வொரு நிலையிலும் பந்து எவ்வளவு மூடப்படுகிறது, எடை எவ்வளவு பரப்பில் பரவுகிறது, காலை மடக்கி உள்பக்கம் திருப்பினால் எங்கே இடிக்கிறது என்றெல்லாம் மென்பொருள் கணக்கிட்டுச் சொல்லும். பலர் மைய விளிம்புக் கோணத்தை 30 டிகிரியை ஒட்டியும், கூரைச் சரிவை 0 முதல் 10-க்குள்ளும் கொண்டுவரப் பார்ப்பார்கள். குறைவாகத் திருப்பினால் வலி தொடரும். அதிகமாகத் திருப்பினால் இடிக்கும். இரண்டுக்கும் நடுவில் இடம் குறுகலானது. எந்த நிலை உங்களுக்குச் சரி என்பதைக் கணினி முடிவு செய்வதில்லை. உங்கள் வயது, வேலை, மூட்டுகளின் தளர்வு, எவ்வளவு குனிந்து நிமிர்கிறீர்கள் என்பதையெல்லாம் வைத்து மனிதர்தான் முடிவு செய்கிறார். இந்தத் திட்டத்தைத் திரையில் உங்களுக்குக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டி விளக்க நேரம் ஒதுக்கும் குழுவை நான் அதிகம் நம்புவேன்.

படி 5: அறுவைக்கு முந்தைய வாரங்கள்

புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். வெட்டிய எலும்பு கூடுவதை அது நேரடியாகக் கெடுக்கிறது. ரத்தச் சோகையும் வைட்டமின் டி குறைவும் இருந்தால் முன்பே சரிசெய்ய வேண்டும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் சொல்லிவிடுங்கள், ரத்தக்கட்டு அபாயத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு. ஊன்றுகோலில் நடக்க இப்போதே பழகுங்கள். குளியலறை எடைக் கருவியில் ஒரு காலை வைத்து 20 கிலோ அழுத்தம் எப்படி இருக்கும் என்று உணர்ந்து பாருங்கள். அறுவைக்குப் பின் பல வாரங்கள் அந்தக் காலில் ஏறத்தாழ அவ்வளவு எடைதான் வைக்கச் சொல்வார்கள். வலியோடு புதிதாகக் கற்பது கடினம்.

படி 6: அறுவை அரங்கில் நடப்பது

நோயாளி மயக்கத்தில் இருந்தாலும் என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது பயத்தைக் குறைக்கும். இடுப்பின் முன்பக்கம் கீறி, பக்கவாட்டுத் தசைகளைக் கூடியவரை தொடாமல் எலும்பை அடைவார்கள். ரத்த இழப்பைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் தருவதும், வெளியேறும் ரத்தத்தைச் சுத்திகரித்துத் திரும்ப ஏற்றும் கருவி வைப்பதும் வழக்கம்.

கணினி வழிகாட்டும் நேவிகேஷன் முறையில், ஒளியைப் பிரதிபலிக்கும் சிறு உருண்டைகள் பொருத்திய ஒரு சட்டத்தை இடுப்பெலும்பில் ஊசிகளால் இறுக்கமாகப் பதிப்பார்கள். அகச்சிவப்புக் கேமரா அந்த உருண்டைகளை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். உளியிலும் இதே போன்ற உருண்டைகள் உண்டு. ஆகவே உளியின் முனை எலும்புக்குள் எங்கே நிற்கிறது என்பது திரையில் தெரியும்.

அதற்கு முன், திரையிலுள்ள எலும்பும் மேசையிலுள்ள எலும்பும் ஒன்றே என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். மருத்துவர் கூர்முனைக் கருவியால் இடுப்பு முனை போன்ற அடையாளங்களைத் தொடுவார். பிறகு எலும்பின் மேற்பரப்பில் அந்த முனையை ஊர விட்டுப் பல புள்ளிகளைப் பதிவு செய்வார். கணினி அந்தப் புள்ளிக் கூட்டத்தைச் சிடி உருவத்தின் மேல் பொருத்தும். பொருத்தியதும் சரிபார்ப்பு. மருத்துவர் தெரிந்த ஓர் இடத்தைத் தொடுகிறார், திரையில் முனை எலும்பின் மேல் சரியாக உட்கார வேண்டும். எலும்புக்குள் 3 மி.மீ. புதைந்தோ காற்றில் மிதந்தோ தெரிந்தால் முழுப் பதிவையும் மறுபடி செய்ய வேண்டும். இங்கே அவசரப்பட்டால் அதன் பிறகு திரை காட்டும் ஒவ்வோர் எண்ணும் பொய். நடுவில் சட்டம் லேசாக அசைந்தாலும் அதே கதிதான். அதனால் நல்ல குழுக்கள் அறுவையின் நடுவில் பலமுறை இந்தச் சரிபார்ப்பைத் திரும்பச் செய்கின்றன.

வெட்டுகள் நான்கு. கீழே உட்காரும் எலும்பில் பாதி வெட்டு, முன்னால் பூப்பெலும்பில் முழு வெட்டு, கிண்ணத்துக்கு மேலே இடுப்பெலும்பில் ஒன்று, பின்னால் கிண்ணத்துக்கும் பின் தூண் எனப்படும் இடுப்பெலும்பின் பின்பகுதிக்கும் இடையில் ஒன்று. பின் தூண் முறியாமல் நிற்பதுதான் இந்த அறுவையின் உயிர். அது நிற்பதால்தான் இடுப்பு வளையம் உறுதியாக இருக்கிறது, நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்கிறார், பெண்களுக்குப் பிரசவப் பாதையின் வடிவமும் மாறுவதில்லை. கீழ் வெட்டும் பின் வெட்டும் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், பெரிய கால் நரம்புக்கும் மூட்டுக்கும் நடுவே போகின்றன. கணினியின் இரண்டாவது பெரிய பயன் இங்கே.

துண்டு விடுபட்டதும் அதில் ஒரு தடித்த ஊசியைக் கைப்பிடியாகச் செருகித் திருப்புவார்கள். அதன் மேலும் உருண்டைகள் இருப்பதால், திரையில் கோணங்கள் மாறிக்கொண்டே வரும். திட்டத்திலுள்ள எண்ணை அடைந்ததும் தற்காலிகக் கம்பிகளால் நிறுத்தி, எக்ஸ்ரே பார்த்து, காலை 90 டிகிரி மடக்கி உள்பக்கம் திருப்பி, இடிக்கிறதா என்று கையாலேயே உணர்ந்து பார்ப்பார்கள். திரை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்தக் கைச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. பிறகு மூன்று, நான்கு திருகாணிகள்.

கேமரா இல்லாமல் வேறு வழியும் உண்டு. திட்டத்தின்படி முப்பரிமாண அச்சில் செய்த அச்சுக்கட்டையை எலும்பின் மேல் பொருத்தி, அதன் பிளவு வழியாக வெட்டுவது. அது எலும்போடு கச்சிதமாகப் பொருந்த, மேற்பரப்பைக் கூடுதலாகச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

கணினி இருந்தால் பலன் கூடுமா?

பெர்ன் குழு கணினி உதவியுடன் செய்த முதல் 12 பிஏஓக்களை 1997-இல் வெளியிட்டது. 2006-இல் தைவானிலிருந்து வந்த ஆய்வில் 36 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நேவிகேஷனும் மறு பிரிவுக்கு வழக்கமான முறையும் பயன்படுத்தி 2 ஆண்டுகள் பார்த்தார்கள். நேவிகேஷனில் அறுவையின் நடுவே எடுக்கும் எக்ஸ்ரேக்கள் குறைந்தன. ஆனால் திருத்தத்தின் அளவிலும் நோயாளியின் நடமாட்டத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. அனுபவம் மிக்க கைகளில் வழக்கமான முறையும் நன்றாகவே வருகிறது என்பதுதான் இதன் பொருள்.

ஆகவே இந்தக் கருவி உள்ள இடம் என்பதற்காக மட்டும் ஒரு மருத்துவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிஏஓவைத் தொடர்ந்து செய்பவரா என்று முதலில் பாருங்கள். அத்தகைய கை இருந்து, உங்கள் இடுப்பின் வடிவம் சிக்கலானதாகவும் இருந்தால் — பின்னோக்கித் திரும்பிய கிண்ணம், முன்பு செய்த அறுவையால் மாறிய எலும்பு, பந்தின் உருவச் சிதைவு — அங்கே கணினித் திட்டம் தன் மதிப்பைக் காட்டும்.

நீண்டகாலப் பலனையும் தெரிந்துகொள்ளுங்கள். பெர்னில் தொடக்க காலத்தில் அறுவை செய்த இடுப்புகளில் 20 ஆண்டுகளுக்குப் பிறகு ஏறத்தாழ 60 விழுக்காடும், 30 ஆண்டுகளுக்குப் பிறகு 29 விழுக்காடும் சொந்த மூட்டோடு நன்றாக இயங்கின. அவர்களில் சிலர் ஏற்கெனவே தேய்மானத்தோடு வந்தவர்கள். உங்கள் குருத்தெலும்பு நன்றாக இருந்தால் உங்கள் கணக்கும் அவர்களைவிட நன்றாகவே தொடங்கும்.

படி 7: ஆபத்துகளைத் தெரிந்து கையெழுத்திடுதல்

தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவது மிகவும் சாதாரணம். கீறல் பகுதியில் போகும் தோல் நரம்பு இழுபடுவதால் வருகிறது, பலருக்கு மெல்லக் குறைகிறது. கடுமையானவை அரிது: பெரிய நரம்புகளில் காயம், வெட்டு மூட்டுக்குள் பாய்வது, கால் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டு, தொற்று, பூப்பெலும்பு கூடாமல் நிற்பது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு முட்டினாலோ விடியட்டும் என்று பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 8: மீண்டு வருதல்

பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நிற்க வைப்பார்கள். முதல் சில நாட்களில் படுக்கையிலிருந்து காலைத் தானாகத் தூக்க முடியாது. நல்ல காலின் பாதத்தை அறுவை செய்த காலின் கணுக்காலுக்கு அடியில் கொடுத்து இரண்டையும் சேர்த்து நகர்த்தினால் போதும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். 6 முதல் 8 வாரங்கள் ஊன்றுகோலோடு ஏறத்தாழ 20 கிலோ எடை மட்டும், பிறகு எக்ஸ்ரே, எலும்பு கூடுவதைப் பார்த்து மெல்ல முழு எடை.

ஊன்றுகோலை விட்டதும் குணமாகிவிட்டது என்று நினைத்து உடற்பயிற்சியை விடுபவர்கள்தான் பிறகு சாய்ந்து நடக்கிறார்கள். பக்கவாட்டுத் தசை வலுப்பெற மாதங்கள் ஆகும். விளையாட்டுக்குத் திரும்ப 6 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை எடுக்கும். மூன்றாவது, நான்காவது மாதத்தில் மனம் சோர்வது இயல்பு. வெளியே காயம் ஆறிவிட்டதால் சுற்றியிருப்பவர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுவார்கள், உங்களுக்கோ இன்னும் வலிக்கும். வீட்டில் இருப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தேய்மானம் முற்றியிருந்தால்

மாற்று மூட்டிலும் கணினிக்கு வேலை உண்டு. ஆழமில்லாத கிண்ணத்தில் செயற்கைக் கிண்ணத்தை எங்கே, எந்தக் கோணத்தில் வைப்பது, கால் நீளத்தை எவ்வளவு கூட்டுவது என்பதைச் சிடி கொண்டு முன்பே முடிவு செய்யலாம். ரோபோக் கை இருந்தால், திட்டமிட்ட எல்லையைத் தாண்டிக் கடையாதபடி அது தடுக்கும். பந்து கிண்ணத்தை விட்டு முழுதாக மேலே ஏறிவிட்டவர்களுக்குக் காலை ஒரேயடியாக நீட்டினால் நரம்பு இழுபடும் என்பதால், தொடை எலும்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டியும் வரும்.

கடைசியாகச் செய்ய வேண்டியவை

திருகாணிகள் உறுத்தினால் எலும்பு முழுதாகக் கூடிய பிறகு எடுக்கலாம். உறுத்தாவிட்டால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மறுபக்க இடுப்பையும் அளந்தார்களா என்று கேளுங்கள், இரு பக்கமும் குறை இருப்பது சாதாரணம். உங்களுக்குக் குழந்தை பிறந்தால் முதல் சில வாரங்களிலேயே இடுப்பை அல்ட்ராசவுண்டில் பார்க்கச் சொல்லுங்கள். சிடி ஸ்கேனின் மூலக் கோப்புகள், கணினித் திட்டம், அறுவைக் குறிப்பு, அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்கள் அனைத்தின் நகலையும் கேட்டு வாங்கி இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். பல ஆண்டுகள் கழித்து மாற்று மூட்டு தேவைப்பட்டால், அப்போது உங்களைப் பார்க்கும் மருத்துவருக்குக் கிண்ணம் எந்தப் பக்கம், எத்தனை டிகிரி திருப்பப்பட்டது என்பது கட்டாயம் தேவைப்படும்.